கொதிச்சாறின தண்ணி

போன கிழமை எங்கட உணவகத்தில குழாய் திருத்த ரெண்டு மணித்தியாலம் தண்ணியை நிப்பாட்டினாங்கள். பொடியள் அந்தரப்பட்டதைப் பார்க்க எனக்கு 1998 ஞாபகம் வந்தது.

அப்ப எனக்கு 21 வயது. கம்பஸ் படிப்பை அரைவாசியில விட்டிட்டு சிட்னிக்கு வந்து கோப்பை கழுவிக்கொண்டிருந்தன். ஜூலைக் கடைசியில குழாய்த் தண்ணியில கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா எண்ட கிருமிகள் இருக்கு, கொதிக்க வைச்சுக் குடியுங்கோ எண்டு அறிவிச்சினம். செப்டம்பர் 19 வரைக்கும் விட்டு விட்டு மூன்று அறிவித்தல்கள். ஏறத்தாழ 30 இலட்சம் சனத்துக்கு இதே பாடு.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 95 இடம்பெயர்வில தென்மராட்சியில குளோரின் போட்ட கிணத்துத் தண்ணி குடிச்ச ஆக்கள் நாங்கள். இவ்வளவு பெரிய நகரத்தில குளோரின் இல்லையோ?

அந்த நேரம் எங்களோட வேலை செய்த அண்ணை ஒருத்தர் புற்றுநோய்க்கு மருந்தேத்தி ஆஸ்பத்திரியில இருந்தவர். கொத்தமல்லி அவிச்சுப் பிளாஸ்கில கொண்டு போனன். நேர்ஸ் மறிச்சுக் கேட்டா: "கொதிச்ச தண்ணியோ?" "ஓம்." "பிளாஸ்க் கழுவினது?"

நான் வாய் திறக்கேல்லை. குழாயிலதான் கழுவினனான்.

அவ பொறுமையாச் சொன்னா. இந்தக் கிருமி தடிச்ச கோதுக்குள்ள இருக்கிறது, குளோரினுக்குச் சாகாது. கொதிக்க வைச்சால் சாகும். சுகதேகிக்கு வயித்தோட்டத்தோட போயிடும், எதிர்ப்புச் சக்தி இல்லாத ஆளுக்கு உயிராபத்து. 1993இல அமெரிக்காவின் மில்வாக்கியில 4 இலட்சம் பேர் வரை இதால வருத்தப்பட்டதாகக் கணிச்சிருக்கினம்.

அப்பதான் அந்த வார்ட்டைச் சுத்திப் பார்த்தன். குடிக்க மட்டுமில்லை, பல்லுத் தீட்ட, குளிசை விழுங்க, வாய் நனைக்கிற ஐஸ்கட்டிக்கு, எல்லாத்துக்கும் போத்தல் தண்ணி. சிறுநீரக நோயாளி ஒருத்தருக்கு ஒருமுறை இரத்தம் சுத்திகரிக்கவே 100 லீற்றருக்கு மேல தண்ணி வேணும். அதை நுண்ணிய சவ்வால வடிச்சுத்தான் எடுக்கிறது. வீட்டில ஒரு கேத்தில் போதும். ஆஸ்பத்திரிக்கு?

கொத்தமல்லியைத் தொட்டிக்குள்ள ஊத்தினன். அண்ணை, "பரவாயில்லையடா தம்பி, நாளைக்குக் கொண்டு வா" எண்டார்.

மக்லெலன் தலைமையிலான விசாரணை நடந்து, 1999இல நீரேந்து பகுதிகளுக்குத் தனி அதிகாரசபையும் வந்தது. அந்தக் கிருமியால நோய் கூடினதாகத் தெரியவரவில்லை; ஆய்வுகூட எண்ணிக்கையே பிழையோ எண்ட கேள்வியும் எழுந்தது. வீண் பயம் எண்டு இப்பவும் சிலர் சொல்லுவினம்.

சொல்லட்டும். எனக்கு அண்டைக்கு அண்ணையின்ர காய்ஞ்ச உதடுதான் கண்ணுக்கு முன்னால நிண்டது. இண்டைக்கும் ஆஸ்பத்திரிக்கு ஏதும் கொண்டு போறதெண்டால், பிளாஸ்கைக் கொதிதண்ணியால ரெண்டுதரம் அலம்பாமல் நான் ஊத்திறேல்லை.