எடைச் சீட்டில் எழுதிய 97

ஹெலிகாப்டர் ஓட்டப் படித்த காலத்தில் நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்லப்போகிறேன். பணம் திருடவில்லை, தேர்வில் பார்த்து எழுதவில்லை. என் உடம்பின் எடையைக் குறைத்து எழுதினேன். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் ரொம்ப நாள் சிரிப்பாகத்தான் இருந்தது.

மேற்கு அமெரிக்காவில், கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே ஓர் ஊர். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் விமானவியல் பட்டம். அதற்குள்ளேயே ஹெலிகாப்டர் பயிற்சி. படிப்புக்குக் கட்டணம் தனி, பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் தனி. பெயர் சொல்லாமல் விடுகிறேன். பிழை அவர்களுடையது அல்ல.

பழகியது ராபின்சன் ஆர்22-இல். இரண்டே இருக்கை. ஃபிராங்க் ராபின்சன் அதைப் பயிற்சிக்காக உருவாக்கவில்லை. தனியாள் சொந்தமாக வாங்கி ஓட்ட ஒரு மலிவான ஹெலிகாப்டர் என்பதே அவர் எண்ணம். 1979-இல் சான்றிதழ் கிடைத்ததும் மலிவு என்பதாலேயே பயிற்சிப் பள்ளிகள் அதைப் பிடித்துக்கொண்டன. மேலே சுழலும் சிறகுகள் லேசானவை, சுழற்சி குறைய ஆரம்பித்தால் மளமளவென்று குறைந்துவிடும். விபத்துகள் கூடியதால் 1995-இல் அமெரிக்க அரசு தனி விதி போட்டது. மாணவர் தனியே பறக்கும் முன் அந்த ரகத்திலேயே 20 மணி நேரம் பயிற்றுநரோடு பறந்திருக்க வேண்டும்.

அதன் மொத்த எடை 622 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் எந்திரமே சுமார் 400 கிலோ. மிச்சமிருக்கிற 222 கிலோவுக்குள் இரண்டு ஆளும் பெட்ரோலும் அடங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் ஒரு எடைச் சீட்டு நிரப்புவோம். (அங்கே எல்லாம் பவுண்டு, நமக்குப் புரிய கிலோவில் சொல்கிறேன்.) மாணவர் எடை, பயிற்றுநர் எடை, பெட்ரோல், அன்றைய வெப்பநிலை. அதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல், எங்கே இறங்கலாம், எங்கே முடியாது என்று முடிவாகும். சீட்டில் கடைசியாக, பெட்ரோல் தீர்ந்த நிலைக்கும் ஒரு கணக்கு உண்டு. டேங்க் பின்னால் இருப்பதால், தீரத் தீர மூக்குப் பக்கம் கனக்கும். ஆள் குண்டாக இருந்தால் இன்னும் கனக்கும்.

ஒரு இருக்கைக்கு 109 கிலோ வரை தாங்கும் என்கிறது தயாரிப்பாளர் கையேடு. எங்கள் பள்ளி 100 கிலோவோடு நிறுத்திவிட்டது. அதற்கு மேல் போனால் நான்கு இருக்கை கொண்ட ஆர்44-க்கு மாற வேண்டும். மணிக் கட்டணம் ஒன்றரை மடங்குக்கும் மேல். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் முன்னாள் ராணுவத்தினர். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பணிபுரிந்தவர்களுக்கான சட்டப்படி அவர்கள் கட்டணத்தை அரசு கட்டியது. எந்த ஹெலிகாப்டர் என்ற கவலை அவர்களுக்கு இல்லை. நான் வங்கிக் கடனில் போனவன். ஒவ்வொரு மணியையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவன்.

சேர்ந்த அன்று எடை போட்டபோது 97. அதன் பிறகு விடுதிச் சாப்பாடு. அளவே கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டை நீட்டலாம். வெண்ணெயும் சீஸும் உடம்பில் ஏறின. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் உடற்பயிற்சிக் கூடத்துத் தராசில் ஏறி, எண்ணைப் பார்த்து, யாரும் கவனிக்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினேன். மறுநாள் சீட்டில் 97 என்றே எழுதினேன். அடுத்த நாளும். 109-க்குள்தானே இருக்கிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் பயிற்றுநருக்கு 24 வயது. அங்கே பயிற்றுநர்கள் பலரும் அப்படித்தான்: நேற்றுப் படித்து முடித்தவர்கள். கிராண்ட் கேன்யன் சுற்றுலா ஹெலிகாப்டர் போன்ற வேலைகளுக்குப் பொதுவாக 1,000 மணி நேர அனுபவம் கேட்பார்கள். அதைச் சேர்க்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பறந்த மணிக்குத்தான் சம்பளம்.

ஜூலை மாதப் பிற்பகல். வெயில் ஏற ஏறக் காற்று மெலியும், எஞ்சினுக்கும் சிறகுக்கும் பலம் குறையும். மலை முகட்டில் ஒரு சிறு வெட்டவெளியில் இறங்கிப் பழக வேண்டும். சீட்டைப் பார்த்து, “பலம் மட்டுமட்டாகத்தான் இருக்கு, ஆனா போதும்” என்றார் அவர். நான் தலையாட்டினேன். தரைக்கு முப்பது அடி இருக்கும்போது ஹாரன் அலறியது. சுழற்சி 97 சதவீதத்துக்குக் கீழே போனால் அடிக்கிற ஹாரன் அது. அந்த எண்ணும் 97-தான் என்பது பிறகுதான் உறைத்தது. இறங்குகிறதே என்று பயந்து, சிறகுகளின் சாய்வைக் கூட்டிக் குறைக்கும் கலெக்டிவ் நெம்புகோலை மேலே இழுத்தேன். கூடவே கூடாது. இழுத்தால் சிறகு இன்னும் திணறும். அவர் பிடுங்கி, கலெக்டிவை இறக்கி, திராட்டிலைத் திருகி, மூக்கைச் சரிவுப் பக்கம் சாய்த்தார். மரங்களுக்கு மேலே எப்படிப் போனோம் என்று தெரியவில்லை. வேகம் கூடியதும் ஹாரன் நின்றது.

என் எடை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். காற்றும் திரும்பியிருந்தது, நானும் தப்பாக இழுத்தேன். ஆனால் அன்று சீட்டு உண்மையாக இருந்திருந்தால் நாங்கள் அங்கே போயிருக்கவே மாட்டோம்.

திரும்பி வந்ததும் அவர் சீட்டை மேஜையில் விரித்துவைத்து மூன்று முறை கூட்டிப் பார்த்தார். எங்கே தவறினேன் என்று என்னையே கேட்டார். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஆர்44, கடன், ஒருவேளை படிப்பே போய்விடும் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவர் அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார். இறங்கும் இடத்துக்கான பலத்தைத் தான் தவறாகக் கணித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரம் அவரைப் பறக்க விடவில்லை. அந்த இரண்டு வாரச் சம்பளமும் இல்லை. பெயர் போடாமல் எழுதிப்போடப் பாதுகாப்பு அறிக்கைப் பெட்டி ஒன்று கூடத்திலேயே இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் சாப்பிடப் போனேன்.

அடுத்த வாரமே, முதுகு வலிக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி ஆர்44-க்கு மாறிக்கொண்டேன். உரிமமும் வாங்கினேன். பட்டமளிப்பு நாளில் அவர் வந்து கைகுலுக்கி, முகட்டில் நடந்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன்.

அன்று அவர் போட்ட கணக்கு சரி. அந்த ஜூலைப் பிற்பகலில் என் எடை 107 கிலோ.