கூடாரத்தை எங்கே போடுவது?

இந்த வாரத் தியானத்துக்கு ஆதியாகமம் 13-ஆம் அதிகாரத்தை, 5-ஆம் வசனம் முதல் 13-ஆம் வசனம் வரை வாசித்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையின் வாலிபர் ஒருவர் தம் மனைவியோடும் தாயாரோடும் என்னிடம் வந்தார். சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். கைப்பேசியில் மூன்று வீடுகளின் படங்களைக் காட்டி, "ஐயா, எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?" என்று கேட்டார். தாயாருக்கு ஒரே கேள்வி: பக்கத்தில் கோவில் இருக்கிறதா? செவிலியர் படிப்பு முடித்திருக்கும் அந்த இளம் மனைவி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய மௌனம் என்னை விடவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இளையாத்தங்குடியிலிருந்து ஊர்விட்டு ஊர் போவது புதிதன்று. நகரத்தாரின் ஒன்பது கோவில்களுள் ஒன்று இவ்வூரில் இருப்பதையும், அச்சமூகத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனதையும் நீங்கள் அறிவீர்கள். அவர்கள் போன இடத்தில் வீடு தேடி அலையவில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியடி, அதனருகே இரும்புப் பெட்டி. பகலில் அங்கேயே கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை, சமையல் பொதுவில். முன்னே போனவர் பின்னே வருகிறவருக்குப் பாய் விரித்து வைத்திருந்தார். மனைவி பிள்ளைகள் பெரும்பாலும் ஊரில்தான். அந்தப் பணத்தில் எழுந்த வளவு வீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்க, திண்ணையில் காவலுக்கு ஒரு பெரியவர் மட்டும் இருப்பதைக் காணும்போதெல்லாம், வீடு கட்டுவது ஒன்று, வாழ்வது வேறொன்று என்று தோன்றும். அது வேறு தியானத்துக்குரியது.

லோத்துக்குக் கிட்டங்கி இல்லை. தானே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெரியவராகிய ஆபிராம் உரிமையை விட்டுக்கொடுத்து, நீ முதலில் எடுத்துக்கொள் என்கிறார். லோத்து கண்களை ஏறெடுத்து நீர்வளம் பொருந்திய யோர்தான் சமபூமியைக் காண்கிறான். மந்தைகள் உள்ளவன் தண்ணீரைப் பார்ப்பதில் தவறென்ன? அவனை மூடன் என்று பிரசங்கிப்பது எளிது. நானும் அப்படிப் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் வேதம் அவன் குடியேற்றத்தைப் படிப்படியாகச் சொல்வதைக் கவனியுங்கள். 13-ஆம் அதிகாரத்தில் அவன் கூடாரம் சோதோமை நோக்கி இருக்கிறது. 14-ஆம் அதிகாரத்தில் அவன் சோதோமிலேயே குடியிருக்கிறான். 19-ஆம் அதிகாரத்தில் அதன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். இன்னொன்றையும் கவனியுங்கள். இடத்தைத் தெரிந்துகொள்ளும் 13-ஆம் அதிகாரத்தில் அவன் மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இடத்தை விட்டு ஓடும்போதுதான் அவளைச் சந்திக்கிறோம்.

பிரியமானவர்களே, இவ்வசனங்களை என்னால் தூரத்திலிருந்து வாசிக்க இயலவில்லை. 2015-ஆம் ஆண்டு, ஊழியத்துக்கு வருமுன், தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்கு வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனேன். மே மாதத்தில் இரண்டு நாள் விடுப்பில் தனியாகச் சென்று வீடு பார்த்தேன். முதலில் பார்த்த வீட்டின் உரிமையாளர் என் பெயரைக் கேட்டார், எந்தக் கோவிலுக்குப் போவீர்கள் என்றார், பிறகு வீடு நேற்றே முடிந்துவிட்டது என்றார். அடுத்த வீட்டில் மாமிசம் சமைப்பீர்களா என்று மட்டும் கேட்டார்கள். மூன்றாவதாக வேளச்சேரிப் பக்கம் ஒரு தரைத்தளம். அகன்ற தெரு, குறைந்த வாடகை, நடந்துபோகும் தூரத்தில் ஆலயம். கர்த்தர் திறந்த வாசல் என்று அங்கேயே ஸ்தோத்திரம் செலுத்தினேன். பத்து மாத முன்பணத்துக்காக என் மனைவியின் சங்கிலி காரைக்குடியில் அடகுக்குப் போனது. வீட்டை அவள் முதன்முதலில் பார்த்தது சாமான்கள் இறங்கிய நாளில்தான்.

நான் கண்மாய்க் கரையில் வளர்ந்தவன். எந்த வரத்துக்கால் எந்த ஊருணிக்குப் போகும், கலிங்கு வழிந்தால் தண்ணீர் எந்த வயலில் பாயும் என்பது நம் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். அப்படிப்பட்ட நான் அங்கே தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. வேளச்சேரியில் ஏரி உண்டு. அப்பகுதியின் வெள்ளம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். அச்சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியோ சாலையாகவும் கட்டடமாகவும் குப்பைமேடாகவும் மாறிப்போயிருந்தது. பக்கத்து வீட்டார் மோட்டாரை இடுப்பளவு உயரத்தில் மேடை கட்டி வைத்திருந்ததைக் கண்டேன். காரணம் கேட்கவில்லை.

மாடியில் ஒரு முதிய தம்பதியர் இருந்தனர். முதல் வீட்டில் என்னைத் திருப்பியனுப்பியவரின் சமூகத்தாரே அவர்கள். அந்தக் காயத்தை இவர்கள் மேல் சுமத்தி, ஆறு மாதமும் படிக்கட்டில் தலையசைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். என் மனைவி பேசப் போனபோதும், எதற்கு வம்பு என்று தடுத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

டிசம்பர் 1-ஆம் தேதி இரவு தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. கட்டிலின் மேல் பெட்டியை ஏற்றி, அதன்மேல் வேதாகமத்தை வைத்துவிட்டுத் திகைத்து நின்றோம். மாடியிலிருந்து அந்த அம்மையார் விளக்கோடு இறங்கிவந்து, "ஏன்மா அங்கேயே நிக்கிற, மேல வா" என்று என் மனைவியின் கையைப் பிடித்தார். நான்கு நாட்கள் அவர்கள் சமையலறையில் எங்களுக்கும் சோறு வெந்தது. மூன்றாம் நாள் காலை ஜெபிக்க இடமின்றி நான் தயங்கியபோது, பெரியவர் தம் பூசை அறைக்கு எதிரே இருந்த சிறிய அறையைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். தண்ணீர் வடிந்தபின் என் மனைவி சொன்னாள்: "என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா இந்த வீடு வேணாம்னு சொல்லியிருப்பேன்." சற்று நேரம் கழித்து, "ஆனா மாமியை நான் அன்னைக்கே பார்த்துப் பேசியிருப்பேன்" என்றாள்.

ஆகவே அந்த வாலிபரிடம் நான் பேட்டையின் பெயர் எதையும் சொல்லவில்லை. படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் தம்பி, இருவருமாகப் போங்கள் என்றேன். தேநீர்க் கடையிலும் துணி தேய்ப்பவரிடமும், 2015-லும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும், தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று கேளுங்கள். பெரும்பாக்கம், பள்ளிக்கரணை போன்ற இடங்களில் இக்கேள்வி வாடகையைவிட முக்கியம். குடிதண்ணீர் குழாயில் வருகிறதா, லாரியில் வருகிறதா என்று பாருங்கள். 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. கையெழுத்திடுமுன் முழுவதும் வாசியுங்கள். நகையை அடகு வைக்குமுன் என்னிடம் ஒருமுறை பேசுங்கள்.

வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பது விசுவாசக் குறைவோ என்று அவர் தயங்கினார். அப்போஸ்தலர் 18-இல் பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாவோடும் தங்கியது, அவர்களும் கூடாரத் தொழிலாளிகளாய் இருந்ததனால்தான் என்று காட்டினேன். அதே பவுல் ரோமாபுரியில் இரண்டு வருடம் வாடகை வீட்டில் இருந்தார். காவலுக்கு ஒரு சேவகன் உண்டு. தம்மிடம் வந்த எல்லாரையும் ஏற்றுக்கொண்டார். தாயாருக்கு இது முழுத் திருப்தி தரவில்லை. கோவில் எத்தனை கிலோமீட்டர் என்று மறுபடியும் கேட்டார். அவர் கேட்பதும் நியாயமே.

பிறகு அந்தப் பெண்ணிடம், "நீ என்ன கேட்க நினைக்கிறாய் அம்மா?" என்றேன். கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "ராத்திரி பணி முடிஞ்சு பதினொரு மணிக்கு வந்தா, பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் தெருவிளக்கு எரியுமா ஐயா?" என்றாள். மூன்று வீடுகளில் எதற்கும் எங்களிடம் பதில் இல்லை.

வருகிற வெள்ளி அதிகாலை இருவரும் காரைக்குடியிலிருந்து பல்லவனில் புறப்படுகிறார்கள். அவர்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். சோழிங்கநல்லூர், மேடவாக்கம், துரைப்பாக்கம் பக்கம் குடியிருக்கும் நம் சபையார் யாரேனும் இதை வாசித்தால், உங்கள் தெருவைப் பற்றி உள்ளது உள்ளபடி எனக்கு எழுதுங்கள். அவர்கள் இரண்டு இரவு தங்க இடமும் வேண்டியிருக்கிறது.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்