பறவைகளுக்கு அபயம் அளித்த ஊர்

தமிழ்நாட்டில் ஏரி இல்லாத ஊரைக் காண்பது அரிது. அதிலும் செங்கற்பட்டுச் சீமையிலே ஏரிகளுக்குக் குறைவே இல்லை. அத்தனை ஏரிகளுள் ஒரு சிற்றேரி மட்டும் உலகத்தாரின் கவனத்தைக் கவர்ந்திருக்கிறது. அதுதான் வேடந்தாங்கல். அதன் பரப்பு ஏறக்குறைய 74 ஏக்கர்தான். அருகிலுள்ள மதுராந்தகம் ஏரியின் முன்னே அதை ஏரி என்று அழைக்கவே கூச்சமாக இருக்கும். ஆயினும் மார்கழி, தை மாதங்களில் அவ்வேரிக்கு வந்து சேரும் விருந்தினரின் கூட்டத்தைப் பார்த்தால், பெருமைக்கும் பரப்புக்கும் சம்பந்தம் இல்லை என்பது விளங்கிவிடும்.

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் செங்கற்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் மேற்கே திரும்ப வேண்டும். மொத்தம் சுமார் 80 கிலோ மீட்டர் பிரயாணம். சென்ற தை மாதத்தில் ஒரு நாள், எங்கள் பள்ளி மாணாக்கர் இருபது பேருடன் அவ்வழியே சென்றேன். இரு மருங்கிலும் நெல் வயல்கள்; வரப்பு ஓரங்களில் நீர் தேங்கிய குட்டைகள்; அவற்றிலே ஆங்காங்கே தவம் புரியும் கொக்குகள். ஏரிக் கரையை அடைந்தபோது பிற்பகல் நாலு மணி இருக்கும்.

கரை மீது ஏறியதும் மாணாக்கர் பேச்சை மறந்தனர். ஏரியின் நடுவே இடுப்பளவு நீரில் நீர்க்கடம்பு மரங்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் இலைகளைக் காட்டிலும் பறவைகளே அதிகமோ என்று ஐயுறும்படி, கிளைக்குக் கிளை கூடுகள். தண்ணீர் நடுவில் நிற்கும் மரம் பறவைக்குக் கோட்டை போன்றது. நீரே அதற்கு அகழி. பூனையும் நரியும் எளிதில் அணுக முடியாது. குஞ்சு பொரிக்க இதைவிடப் பத்திரமான இடம் வேறு எது?

பாடப் புத்தகத்தில் சித்திரமாகக் கண்டவை அங்கே உயிருடன் விளங்கின. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவிலே மூடாமல் இடைவெளி விட்டு நிற்கும். பிறந்த குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. பாம்புத்தாரா உடல் முழுவதையும் நீரில் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துவதைக் கண்டு, "சார், பாம்பு!" என்று ஒரு சிறுவன் கூவினான். பெயர் வைத்தவரும் முதலில் அப்படித்தான் எண்ணியிருப்பார் என்றேன். நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தது. வர்ண நாரைக்குப் பேசக் குரல் இல்லை. அலகோடு அலகு தட்டியே தன் துணையுடன் குலாவுகிறது. கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் தத்தம் பெயருக்கு ஏற்ற ஆயுதங்களுடன் வந்து இறங்கின. பகலெல்லாம் உறங்கிய வக்காக்களோ, மற்றவை வீடு திரும்பும் வேளையில் இரவு வேட்டைக்குப் புறப்பட ஆயத்தமாயின. ஊசிவால் வாத்து முதலியவை ஆசியாவின் வடகோடியிலிருந்து இமயத்தையும் கடந்து வருபவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிச் செல்கின்றன.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் எங்களோடு வந்து சேர்ந்தார். "பெரியவரே, இத்தனை பறவைகளால் உங்களுக்குத் தொந்தரவு இல்லையா?" என்று கேட்டேன்.

"தொந்தரவா? எங்க வயலுக்கு எருப் போடற ஆளுங்க அந்த மரத்து மேலே உட்கார்ந்திருக்காங்க, வாத்தியாரய்யா" என்று அவர் சிரித்தார்.

அது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. பறவைகளின் எச்சம் நீரில் விழுந்து கரைகிறது. அதில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்து நிரம்ப உண்டு. அந்நீரே மதகு வழியாகக் கழனிக்குப் பாய்கிறது. நத்தைகுத்தி நாரையோ வயலிலுள்ள நத்தைகளையும் பொறுக்கித் தின்று குடியானவனுக்கு ஊழியம் செய்கிறது. இரசாயன சாஸ்திரம் பள்ளிக்கூடம் வருமுன்பே அவ்வூரார் இந்த உண்மையைக் கண்டுகொண்டனர்.

கண்டுகொண்டதோடு நிற்கவில்லை, அதற்காகப் போராடவும் செய்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் இந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டு விளையாடினர். துப்பாக்கி ஏந்தியவனை எதிர்த்து வாய் திறக்கவே அஞ்சிய காலம் அது. வேடந்தாங்கல் மக்களோ செங்கற்பட்டுக் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர். லயனல் பிளேஸ் என்பவர் அப்போது கலெக்டர். மதுராந்தகத்து ஏரி காத்த இராமர் கதையிலே வருகிறாரே, அதே பிளேஸ் துரைதான். 1798-ஆம் ஆண்டில், இவ்வேரிப் பறவைகளை எவரும் சுடக் கூடாது என்று அவர் ஊராருக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-ல் இவ்விடம் சரணாலயம் என்று அங்கீகாரம் பெற்றது. அமெரிக்கர் பெருமையுடன் கூறும் எல்லோஸ்டோன் பூங்கா ஏற்பட்டது 1872-ல். அதற்கு 74 ஆண்டுகள் முன்னரே நம் குடியானவர்கள் பறவைகளுக்கு அபயம் வாங்கிக் கொடுத்துவிட்டனர். ஊரின் பெயரில் வேடன் இருக்கிறான். ஊராரோ வேட்டையைத் தடுத்தவர்கள்!

நாங்கள் நின்றிருந்தபோது, நகரத்திலிருந்து வந்த சில இளைஞர்கள், பறவைகள் கூட்டமாக எழும்பும் காட்சியைப் படம் பிடிப்பதற்காகக் கை தட்டிக் கூச்சலிட்டனர். முதியவர் அவர்களிடம் சென்று, "தம்பி, தூளியிலே தூங்கற குழந்தை கிட்டே இப்படிக் கத்துவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர்கள் அடங்கினர். தாய்ப் பறவை கூட்டை விட்டு எழுந்த ஒரு நிமிஷத்தில் காகம் முட்டையைக் கவர்ந்து செல்லும். இளங்குஞ்சு வெயிலில் வாடும். இதை நான் விளக்கியபோது மாணாக்கர் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டனர்.

ஆனால் கூச்சலைக் காட்டிலும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. பறவைகள் இந்த 74 ஏக்கரில் மட்டும் வாழ்வதில்லை. இங்கே கூடு கட்டுகின்றன. இரை தேடுவதோ பெரும்பாலும் சுற்று வட்டாரத்து ஏரிகளிலும் குட்டைகளிலும் வயல்களிலும்தான். அதனால் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் வரை சரணாலயமாக விதிக்கப்பட்டது. 2020-ல் அவ்வெல்லையை 3 கிலோ மீட்டராகக் குறைக்க யோசனை எழுந்தது. பறவை அன்பர்களும் பொதுமக்களும் ஆட்சேபித்தனர். அந்த யோசனை பின்னர் கைவிடப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கலும், அடுத்துள்ள கரிக்கிலியும் ராம்சர் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளாக அறிவிக்கப்பட்டன. பட்டம் வந்தது நல்லதே. எனினும் படுக்கையறையை மட்டும் காப்பாற்றிவிட்டு அடுக்களையை இடித்துவிட்டால், அந்த வீட்டிலே யார் குடியிருப்பார்?

வானமும் கருணை செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால்தான் பறவைகள் வரும். மழை பொய்த்த ஆண்டுகளில் மரங்கள் வெறிச்சோடிக் கிடந்திருக்கின்றன. போக எண்ணும் அன்பர்கள் மார்கழி முதல் மாசி வரையுள்ள காலத்தில் செல்லுங்கள். அதிகாலை அல்லது மாலை நேரமே சிறந்தது. பளிச்சிடும் வர்ண ஆடை வேண்டாம். தூரதரிசினி ஒன்று இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கட்டுச் சோற்றின் காகிதத்தையும் பிளாஸ்டிக் பையையும் மறவாமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள்.

அந்தி மயங்கும் வேளையில், நாலு திக்கிலிருந்தும் வரிசை வரிசையாகப் பறவைகள் வந்து இறங்கின. ஒரு மாணவி எண்ணத் தொடங்கி, முந்நூறைத் தாண்டியதும் கணக்கைக் கைவிட்டாள். பிறகு, "சார், நம்ம ஊர் ஏரிக்கு ஏன் இவை வருவதில்லை?" என்று கேட்டாள். எங்கள் ஊர் ஏரியில் இப்போது வேலிக்காத்தான் புதரும் குப்பையும் மண்டிக் கிடக்கின்றன என்று உள்ளதைச் சொன்னேன். அவள் திருப்தி அடையவில்லை. "அப்படியானால் அதைச் சுத்தம் செய்யலாமே?" என்றாள். அடுத்த வாரம் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஊராட்சித் தலைவரைக் கண்டு மனுக் கொடுப்பதாக ஏற்பாடு. வேடந்தாங்கலாரும் இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனுவோடுதானே தொடங்கினார்கள்?