உடலே போதும்

தேகாப்பியாசம் என்றவுடன் நம்மிற் பலருடைய மனக்கண்முன் இரும்புக் குண்டுகளும் அவற்றைத் தூக்கும் வாலிபர்களுமே வந்து நிற்பதுண்டு. அதற்குப் பணம் வேண்டும், இடம் வேண்டும், ஆணாய்ப் பிறந்திருக்கவும் வேண்டும் என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். இம்மூன்றும் இன்றியமையாதனவல்ல என்பதை ஒரு சொல்லின் வரலாறே நமக்கு உணர்த்துகின்றது.

'கலிஸ்தெனிக்ஸ்' என்பது அச்சொல். உடலின் பாரத்தையே பளுவாகக் கொண்டு செய்யும் பயிற்சிக்கு இன்று வழங்கும் பெயர் அது. கிரேக்க மொழியில் 'கல்லோஸ்' என்றால் அழகு. 'ஸ்தெனோஸ்' என்றால் வலிமை. வேர்கள் பழையனவாயினும் பெயர் பரவியது 19ஆம் நூற்றாண்டிலேதான். பண்டைய ஏதென்ஸ் நகரத்துப் பயிற்சிக்கூடங்கள் ஆடவருக்கே உரியனவாயிருந்தன. புதிய பெயரோ பெண்களை முன்னிட்டே வழங்கலாயிற்று. 1829ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் கிளையஸ் என்பார் அப்பெயரால் வெளியிட்ட நூல் சிறுமியருக்கானது. 1856இல் அமெரிக்க ஆசிரியை கதரின் பீச்சர் எழுதிய நூலோ, 'பாடசாலைகளுக்கும் குடும்பங்களுக்கும்' என்று தலைப்பிலேயே குறித்து வந்தது.

குடும்பங்களுக்கு! இதனை அறிந்தபோது எம் இல்லத்தை நினைத்துக்கொண்டோம். விடியற்காலையில் மகன் முற்றத்தில் தண்டால் எடுக்கிறான். அவனுக்கு மூத்தவள் புத்தகத்தின் முன் குனிந்திருக்கிறாள். "தம்பியோடு நீயும் செய்யலாமே, பிள்ளை" என்றோம். "எனக்குக் கையிற் பலமில்லையே, அப்பா" என்றாள்.

பலமில்லாதவருக்கும் வழி உண்டென்பதே இப்பயிற்சியின் சிறப்பு. தண்டால் எடுக்கையிற் கைகள் உடற்பாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தாங்குகின்றன. முழங்கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டால் அது பாதியளவாகின்றது. நின்றபடி சுவரிற் கையூன்றிச் செய்தால் இன்னும் இலேசு. ஆதலின் சுவரிலே தொடங்கி, முழங்காலூன்றிப் பழகி, பின்னர் முழுத் தண்டாலுக்கு வரலாம். பாரம் மாறுவதில்லை, உடலின் சாய்வே மாறுகின்றது. பிள்ளையார் சந்நிதியில் நாம் இடும் தோப்புக்கரணமும் கால்களுக்கு இவ்வகைப் பயிற்சியே அன்றோ?

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை நாள் முழுதும் கதிரையில் அமர்ந்திருக்கிறாள். அவளது அறிவைப் பேணும் நாம், அவ்வறிவைச் சுமக்கும் உடலை மறந்துவிடலாகாது. பெற்றோரே, முற்றத்தில் மகளுக்கும் ஓர் இடம் விடுங்கள். "பெண்பிள்ளைக்கு இது எதற்கு?" என்று எவரேனும் வினவினால், இப்பெயர் முதலில் அவளுக்காகவே வழங்கிற்று என்று கூறுங்கள்.