ஸ்காத்லாந்து ஏலும் ஹாப்ஸ் பூவும்

வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி, அதன் சாற்றைக் கொதிக்கவைத்துப் புளிப்பித்து ஆக்கும் பானமே ஏல். யான் அதனைச் சுவைத்தறியேன். அதன் செய்முறையையே விரும்பிப் படித்தேன். ஸ்காத்லாந்து ஏலில் தானியத்தின் இனிமை மேலோங்கும். கசப்பு அருகியே தோன்றும். கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. அக்கொடி அக்குளிர்நாட்டிற் செவ்வனே வளராது. இங்கிலாந்தின் கென்ட் முதலிய இடங்களினின்றும் தருவிக்கவேண்டும். ஆதலின் ஸ்காத்லாந்தார் பூவைச் சிக்கனமாகவே இட்டனர் என்பர் பலர்.

ஏலைத் தம் இல்லத்திலேயே ஆக்குவோரும் உளர். பிரித்தானியாவில் அதற்கு வேண்டியிருந்த உரிமச்சீட்டு 1963-இல் நீக்கப்பட்டது. இவருட் சிலர் பழைய ஏலிற் பூவை மிகுத்திடுகின்றனர். எவ்வளவு என்பதினும் எப்பொழுது என்பதே இதில் நுட்பம். ஒரு மணி நேரம் கொதித்த பூ கசப்பை ஈந்து மணத்தை இழக்கும். அடுப்பை அணைக்குந் தறுவாயில் இட்ட பூவோ மணத்தையே மிகுதியும் ஈயும். அங்ஙனம் பிந்தி இடின், தானியத்தின் இனிமை கசப்பில் மூழ்காது.

இது மரபைக் கெடுத்தலன்றோ எனச் சிலர் சினப்பர். தமிழ் வகுப்பில் மரபென்னுஞ் சொல்லை நாடோறும் கேட்கும் எனக்கு இச்சினம் புதிதன்று, ஆயினும் உடன்படேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடின்பரோ நகரத்து ஏல் ஆக்குவோர், பூ மிகுந்த வெளிர்நிற ஏலை நம் இந்தியாவுக்கே கப்பலேற்றினர்; நெடுவழியில் அது கெடாது காக்கத் துணைநின்றதும் அப்பூவே. அவர்தம் பழைய குறிப்பேடுகளை ஆராய்ந்தோர், அவர்கள் பூவிடுவதிற் கைசுருக்கினாரல்லர் என்றே காட்டியுள்ளனர்.