மண் தொட்ட கை

மண்ணோடு பழகியவர்க்கு மண்ணிடம் அச்சம் இருப்பதில்லை. பால் கொடுக்கும் பசுவைக் கண்டு அஞ்சும் வீடு உண்டோ? ஒரு விதையை வாங்கிக்கொண்டு ஒரு கூடைக் காயைத் திருப்பித் தரும் மண்ணிடம் மனிதன் கொண்ட நம்பிக்கை, அவன் பயிர்த்தொழிலைக் கற்ற நாள்முதல் வளர்ந்து வந்த நம்பிக்கை. அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று.

ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தில் உள்ள யோங் பெங், வழிச்செல்வோர்க்கு ஒரு சந்திப்பு ஊர். ஆயர் ஈத்தாமிலிருந்து லாபிஸ், சிகாமட் நோக்கிச் செல்லும் பழைய சாலை அவ்வூர் வழியே செல்கிறது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் விரைவோரும் அங்கே இறங்கி இளைப்பாறுவர். சாலையை விட்டு உள்ளே சென்றால் இரப்பரும் செம்பனையும் சூழ்ந்த நிலம். தோட்டத்து லயங்களில் பிறந்து, பால்வெட்டிலும் வெளிக்காட்டு வேலையிலும் வாழ்நாளைச் செலவிட்டு, பிறகு வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்களைவிட்டு நிலம் போய்விட்டது. நிலத்தின்மேல் கொண்ட ஆசை போகவில்லை.

அவ்வாசை இப்போது பூச்சாடிகளில் வாழ்கிறது. வரிசை வீட்டின் முன்புறச் சிமெந்துத் தரையில் கறிவேப்பிலை, துளசி, மல்லிகை, கனகாம்பரம், ஒரு மூலையில் முருங்கை. மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆயர் ஈத்தாம் அருகிலேயே இருப்பதால் சாடிகளுக்குப் பஞ்சமில்லை. சாலையோரத்து நாற்றுக் கடைகளில் கருமண்ணும், தென்னை நார்த்தூள் கலந்த மண்ணும், ஆட்டெருவும் பைகளில் கிடைக்கின்றன. சமையற்கட்டின் கழிவு கொல்லைப்புற எருக்குழியில் மக்குகிறது. ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி காலையில் வெறுங்காலோடு வெளியே வந்து, பைமண்ணை இரு கைகளாலும் பிசைந்து சாடியில் நிரப்புகிறார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெற்றிலையை மடிக்கிறார்.

“பாட்டி, கை கழுவிட்டுப் போடுங்க” என்கிறான் பள்ளிக்குப் புறப்படும் பேரன்.

“போடா, அறுபது வருசமாத் தொட்ட மண்ணு. அது என்னை என்ன செய்யும்?” என்பதே விடை.

இக்கேள்வி நம் வீடுகள் பலவற்றில் எழும் கேள்வி. இதற்கு மருத்துவ உலகம் ஒரு விடை வைத்திருக்கிறது. அவ்விடை தேடப்பட்ட வரலாற்றில் நம்மவர் பெயர் ஒன்றும் இருக்கிறது.

1911ஆம் ஆண்டில் பர்மாவின் ரங்கூன் மருத்துவமனையில், இறந்தவர் உடல்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆல்பிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவர், நுரையீரலிலும் கல்லீரலிலும் சீழ்க்கட்டிகள் நிறைந்த ஒரு விந்தையான நோயைக் கண்டார். அது அதுவரை எவரும் விவரித்திராத நோய். 1912இல் அதைப் பற்றிய கட்டுரையை அவருடன் சேர்ந்து எழுதியவர் சி. எஸ். கிருஷ்ணசாமி என்னும் உதவி மருத்துவர். நோய் நெடுங்காலம் விட்மோரின் பெயரால் வழங்கியது. கிருஷ்ணசாமியை நினைப்பவர் சிலரே.

அடுத்த அத்தியாயம் மலேசிய மண்ணிலேயே எழுதப்பட்டது. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஸ்டாண்டன், பிளெட்சர் ஆகிய இருவரும் இந்நோயை ஆராய்ந்து, 1921இல் ‘மெலியோய்டோசிஸ்’ என்ற பெயரை இட்டனர். 1932இல் அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டனர். எலிகளிடமிருந்து நோய் பரவுகிறது என்று அந்நாளில் எண்ணினார்கள். கிருமியின் வீடு எலி அன்று, மண்ணும் தேங்கிய நீருமே என்பது பின்னரே தெளிவாயிற்று. 1960களில் மலேசியாவில் நடந்த ஆய்வுகளில், நெல்வயல் நீரில் இக்கிருமி மிகுதியாகக் காணப்பட்டது.

அது உடலுக்குள் புகும் வழிகள் எளியவை. கையிலோ காலிலோ உள்ள சிறு வெட்டு ஒரு வாயில். சேற்றுநீர்த் துளிகளோ மண்தூசியோ மூச்சோடு கலப்பது மற்றொரு வாயில். அசுத்த நீரைப் பருகுவது இன்னொன்று. நல்ல உடல்நலம் உள்ளவரைப் பெரும்பாலும் அது ஒன்றும் செய்வதில்லை. ‘அறுபது வருசமாத் தொட்ட மண்’ ஒன்றும் செய்யாததன் காரணம் இதுவே. ஆனால் மண் மாறாதிருந்தாலும் உடல் மாறுகிறதே! முதுமை வருகிறது, சிறுநீரகம் தளர்கிறது, இனிப்புநீர் சேர்கிறது. மெலியோய்டோசிஸால் மருத்துவமனை சேர்வோருள் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவுக்காரர் என்று மலேசியப் பதிவுகள் பல காட்டுகின்றன. 2019இல் நடந்த தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியாவில் ஏறத்தாழ ஐந்து பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவு; இந்தியரிடையே அவ்விகிதம் இன்னும் உயர்வு. நீரிழிவு முற்றியவரின் பாதம் உணர்விழந்து போவதுண்டு. முள் குத்தியதும் தெரியாது, மண் புகுந்ததும் தெரியாது. வெறுங்காலோடு சாடிகளிடையே நடக்கும் மூதாட்டிக்கும் பேராபத்துக்கும் இடையே உள்ளது ஒரு செருப்பின் கனமே.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 2010இல் பகாங் மாநிலத்தில், லூபுக் யூ என்ற காட்டுப் பொழுதுபோக்கிடத்தில் நீரில் மூழ்கிய இளைஞர் ஒருவரைத் தேடப் பலர் ஆற்றில் இறங்கினர். அவ்வாறு இறங்கியவருள் சிலர் இந்நோயுற்றனர், எண்மர் மாண்டனர். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலும் அவருள் சிலரைச் சேர்ந்தே தாக்கியிருந்தது. 2023 மார்ச்சில் பெருமழையால் பத்து பகாட் மாவட்டம் வெள்ளக்காடானபோது யோங் பெங் வட்டாரமும் நீரில் தத்தளித்தது. வெள்ளம் வடிந்தபின் வீட்டுச் சேற்றை வெறுங்கையால் அள்ளுவதும், எலி நடமாடும் எருக்குழியைக் கிளறுவதும் இவ்விரு நோய்களையும் அழைக்கும் செயல்கள்.

“வயல்மண்ணுக்கும் வெள்ளச்சேற்றுக்கும் இது பொருந்தும், கடையில் வாங்கிய பைமண் தூய்மையானதன்றோ?” என்று கேட்கலாம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதி ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களைக் கொடிய நுரையீரல் காய்ச்சல் தாக்கியது. அதற்குக் காரணமான கிருமிக்கு ‘லீஜியோனெல்லா’ என்று பெயரிட்டனர். அக்கிருமியின் உறவான ‘லீஜியோனெல்லா லாங்பீச்சே’ நீரைவிட மக்கிய மண்ணையே விரும்புவது. 1988, 1989ஆம் ஆண்டுகளில் தென் ஆஸ்திரேலியாவில் பலர் அதனால் நோயுற்றபோது, எங்கிருந்து வந்தது என்று தேடினர். மரப்பட்டையும் மரத்தூளும் மக்கிய பூச்சாடி மண்ணில் அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் விற்கும் மண்பைகளின்மேல் எச்சரிக்கை வாசகம் அச்சிடப்பட்டிருக்கிறது.

இவ்விரு நோய்களுக்கும் பொதுவான தீக்குணம் ஒன்று உண்டு: இரண்டும் வேடதாரிகள். மெலியோய்டோசிஸ் சிலரிடம் காசநோய்போல் இருமும். சிலரிடம் சாதாரணக் கட்டிபோல் வீங்கும். சிலரிடம் பல ஆண்டுகள் உறங்கிப் பின் எழும். மண்ணிலிருந்து வரும் லீஜியோனெல்லா, சாதாரண நுரையீரல் காய்ச்சல்போலவே தோன்றும். மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யப்படும் சிறுநீர்ச் சோதனையில் அது அகப்படுவதும் இல்லை. பெனிசிலின் இவற்றுக்குப் பயன்படாது. மெலியோய்டோசிஸுக்கு இரு வாரமேனும் நரம்புவழி மருந்தும், அதன்பின் மூன்று மாதமேனும் மாத்திரையும் வேண்டும். ஆகவே மருத்துவர் சரியான நோயை முதலிலேயே ஐயுற வேண்டும். அவ்வையத்தை எழுப்பக்கூடியவர் நோயாளியே. “காய்ச்சல்” என்று மட்டும் சொல்லித் திரும்புபவர் பாதியைத்தான் சொன்னவர். “மண்ணில் வேலை செய்தேன், எருவைக் கிளறினேன், எனக்கு இனிப்புநீர் உண்டு” என்று சொல்பவரே மருத்துவரின் கையில் விளக்கைக் கொடுத்தவர்.

காக்கும் முறைகள் செலவு மிக்கவை அல்ல. மண்பையை முகத்துக்கு எட்ட வைத்து, திறந்தவெளியில், கத்தரியால் மெல்ல வெட்டித் திறக்க வேண்டும், உதறக் கூடாது. உலர்ந்த கலவையைச் சிறிது நீர் தெளித்து நனைத்துக்கொண்டால் தூசி எழாது. குழாயின் வேகத்தைக் குறைத்து நீர் ஊற்ற வேண்டும். கையுறை, மூடிய காலணி, எருவைக் கிளறும்போது முகக்கவசம் ஆகியவை வேண்டும். காயத்தை நீர் புகாதபடி ஒட்டி மூட வேண்டும். எருக்குழியை எலி நுழையாதபடி மூட வேண்டும். துருப்பிடித்த ஆணிமட்டுமன்று, எரு கலந்த மண்ணும் இசிவுநோய்க் கிருமிக்கு இருப்பிடம். ஆதலின் அதற்குரிய தடுப்பூசியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சோறோ வெற்றிலையோ சுருட்டோ வாயருகே போகுமுன் கையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவ வேண்டும்.

தென் ஆஸ்திரேலியாவில் லாங்பீச்சே நோயைப் பற்றி 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு நினைவில் நிறுத்தத்தக்கது. தோட்ட வேலைக்குப்பின் கையைச் சரிவரக் கழுவாதோரும், நெடுங்காலம் புகைபிடித்தோரும், நீர் சொட்டும் தொங்கு சாடிகளின் அருகே இருந்தோரும் மிகுதியாக நோயுற்றனர். சாடிமண்ணால் தீங்கு வரக்கூடும் என்று அறிந்திருந்தோரோ குறைவாகவே நோயுற்றனர். அறிவு ஒரு கவசம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கேதான் ஆசிரியரின் கடமை வருகிறது. பள்ளித் தோட்டத்தில் மாணவன் முதன்முதலாகக் கத்தரி நாற்றை நடும்போது, வேரை எப்படி மூடுவது என்று சொல்லித் தருகிறோம். கையை எப்போது கழுவுவது என்பதையும் அப்பாடத்தின் பகுதியாக்கலாம். அச்சத்தை ஊட்ட வேண்டியதில்லை. மண்ணைத் தொடாதே என்று தடுப்பது பெருந்தீங்கு. தோட்டத்தை விட்டு வந்த மக்களிடமிருந்து எஞ்சிய அந்த உறவையும் அறுப்பதாகும். தொடு, தெரிந்து தொடு என்பதே கற்பிக்க வேண்டியது.

தாயையும் நாம் மதித்தே நெருங்குகிறோம். மண்ணுக்கும் அம்மதிப்பு வேண்டும். ஒரு சோடிச் செருப்பு, ஒரு துண்டுச் சவர்க்காரம், மருத்துவரிடம் மறவாமல் சொல்லும் ஒரு சொல்: இம்மூன்றுமே அம்மதிப்பின் அடையாளங்கள்.