இருந்த இடம்

ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துக் கொண்டிருக்கும்போதே, அவர் இருக்கிற அறையை அவருக்குத் தெரியாமல் இடித்துவிட முடியுமா? முடியாது என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். நான் அதைச் செய்திருக்கிறேன். சத்தம் கேட்கவில்லை, தூசி எழவில்லை. அவரும் கால் மணி நேரம் வரை அறை இருக்கிறதென்றே நம்பி வேலை செய்துகொண்டிருந்தார்.

இது நடந்தது 2005-ஆம் ஆண்டில். அப்போது நான் கதை எழுதத் தொடங்கவில்லை. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, மேலே படிக்க வகையில்லாமல், திருநெல்வேலியில் ஓர் அச்சகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து பக்கம் அமைத்துக் கொண்டிருந்தேன். எங்கள் ஆபீஸில் திரைகள் ஆறு; கணினி ஒன்றுதான். முதலாளி சிக்கனக்காரர். உள் அறையில் ஒரு பெரிய கணினியை வைத்து, அதிலிருந்து ஆறு மேஜைக்கும் கம்பி இழுத்திருந்தார். அதில் ஓடியது லினக்ஸ். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதே அதன்மேல் முதலாளிக்குப் பிரியம் ஏற்படக் காரணம்.

லினக்ஸ் 1991-இல் பிறந்தது. யூனிக்ஸின் வழியைப் பின்பற்றி நடப்பது. அந்த யூனிக்ஸ், அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்துப் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் உருவானது. கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவர் அதற்கு மூலபுருஷர்கள். ஒரே இயந்திரத்தில் பலர் ஒரே சமயத்தில் வேலை செய்வதற்கு ஏற்றதாக அதை வளர்த்தார்கள். பலர் சேர்ந்து வாழும் கூட்டுக் குடும்பத்தில் என்னென்ன சங்கடங்கள் வருமோ, அத்தனையும் அதில் வரும்.

எங்கள் கணினியைப் பராமரிக்க ஓர் இளைஞன் இருந்தான். தங்கைக்குக் கல்யாணம் என்று அவன் ஒரு வாரம் லீவு போட்டிருந்த சமயம் பார்த்து, வட்டில் இடமில்லை என்று கணினி முறையிட ஆரம்பித்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உனக்குத்தான் நாலு கட்டளை தெரியுமே, ஏதாவது பண்ணு" என்றார். அந்த நாலு கட்டளைதான் வினையாக வந்தது. ஒன்றுமே தெரியாதவன் சும்மா இருந்திருப்பான். நன்றாகத் தெரிந்தவன் யோசித்திருப்பான். நான் இரண்டும் இல்லை. சர்வாதிகாரம் படைத்த "ரூட்" என்ற பெயரில் கணினிக்குள் நுழைந்தேன். அதற்கான கடவுச்சொல் விசைப்பலகைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தில் பத்திரமாக இருந்தது.

உள்ளே துழாவியபோது "பழசு" என்று ஒரு டைரக்டரி கண்ணில் பட்டது. பழசு என்று பேர் வைத்த பிறகு அதில் உருப்படியாக என்ன இருந்துவிடப் போகிறது? அழித்துவிட்டேன்.

அழிக்கும் கட்டளை இரண்டே எழுத்து: ஆர், எம். யூனிக்ஸை உருவாக்கியவர்கள் டெலிடைப் இயந்திரத்தில் தட்டி வேலை செய்தவர்கள். அது வினாடிக்குப் பத்து எழுத்துத்தான் அடிக்கும். ஆகவே கட்டளைகளையெல்லாம் தந்தி மாதிரி சுருக்கி வைத்தார்கள். அந்த இரண்டு எழுத்தோடு இன்னும் ஓர் ஆரைச் சேர்த்துவிட்டால், டைரக்டரியையும் அதற்குள் இருக்கும் டைரக்டரிகளையும் அடிவரை போய்த் துடைத்துவிட்டு வரும். ரூட் கேட்டால் மறு கேள்வி கேட்காது. செய்து முடித்தபின் "முடிந்தது" என்று கூடச் சொல்லாது. வேலை சரியாக நடந்தால் மௌனம் சாதிப்பது யூனிக்ஸின் சம்பிரதாயம். நானும் அந்த மௌனத்தை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து உட்காரும்போது மூலை மேஜையிலிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"ஏ தம்பி, இங்கன வந்து பாரு. நான் இருக்கிற எடமே இல்லைங்குதே இந்தப் பெட்டி!"

அண்ணாச்சி எங்கள் புரூப் ரீடர். ஈய எழுத்துக் காலத்திலிருந்து அச்சுத் தொழிலில் இருந்தவர். அறுபதை நெருங்கிய வயதில் கணினி பழகி, எங்களைவிட நிதானமாகவும் பிழையில்லாமலும் வேலை செய்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு மலரை அன்று திருத்திக் கொண்டிருந்தார். மலர் முழுவதும் அவர் திரையில் இருந்தது. மேலும் கீழும் உருட்டிப் பார்க்க முடிந்தது. ஆனால், சேமிக்கப் போனால் மட்டும், "அப்படி ஒரு டைரக்டரி இல்லை" என்று பதில் வந்தது. அவர் மலரை வைத்திருந்தது "பழசு"க்குள். எனக்குக் கை கால் விறைத்துவிட்டது.

இங்கே யூனிக்ஸின் உள்வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டைரக்டரி என்பதை நாம் அறை என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண். அந்த எண்ணுக்கு உரிய இடத்தில்தான் பைல் இருக்கிறது. பைலுக்குத் தன் பெயர் தெரியாது. பட்டியலுக்கு மட்டுமே தெரியும். நாம் "அழி" என்றால் யூனிக்ஸ் முதலில் செய்வது பட்டியலில் அந்தப் பெயரை அடிப்பதுதான். அந்தச் சமயத்தில் யாராவது அந்தப் பைலைத் திறந்து வைத்திருந்தால், பெயர் போய்விடும், பைல் போகாது. கடைசியாக வைத்திருப்பவர் எப்போது கையை விடுகிறாரோ, அப்போதுதான் அது உண்மையில் அழியும். டைரக்டரிக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அதற்குள் ஒருவர் நின்று கொண்டிருக்கும்போதே அதை அழித்துவிடலாம். அவர் விழுந்துவிட மாட்டார், நின்றுகொண்டே இருப்பார். சுற்றிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. புதிதாக ஒரு துரும்பைக்கூட அங்கே வைக்க முடியாது. "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டால் விடை கிடைக்காது. அவர் நிற்கும் இடத்தை லினக்ஸில் வெளியிலிருந்து துருவிப் பார்த்தால், பழைய விலாசத்தை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "அழிக்கப்பட்டது" என்று போட்டிருக்கும்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று செய்தது, கல்யாண வீட்டில் இருந்த இளைஞனுக்குப் போன் போட்டது ஒன்றுதான். மேளச் சத்தத்துக்கு நடுவே அவன் கத்தினான்: "யாரும் எதையும் மூடாதீங்க! அண்ணாச்சியை அசையாம உட்காரச் சொல்லுங்க. வேற எடத்துல, வேற பேருல சேமிக்கச் சொல்லுங்க!"

அதற்குள் பக்கத்து மேஜையில் டைப் அடிக்கும் பெண், ஏதோ தகராறு என்று பயந்து, அதே "பழசு"க்குள் வைத்திருந்த தன் பைலை மூடிவிட்டாள். அவளுடைய காலை வேலை முழுவதும் அந்த நொடியில் போயிற்று. அண்ணாச்சி மூடவில்லை. எடிட்டர் தன் நினைவில் பிடித்து வைத்திருந்த மலரை, நான் சொல்லச் சொல்ல, வேறொரு டைரக்டரியில் இறக்கினார். நூற்றாண்டு மலர் பிழைத்தது. முதலாளி பெருமூச்சு விட்டார். டைப் அடிக்கும் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். விஷயம் அதோடு முடிந்ததென்று நினைத்தேன்.

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். "பழசுல நம்ம சாமான் கொஞ்சம் கெடந்தது தம்பி. அது வருமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஒன்பது சிறுகதைகள். ராத்திரி வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, மூன்று வருஷமாக உட்கார்ந்து எழுதியவை. யாருக்கும் சொன்னதில்லை. "பழசு" என்றால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று அங்கே வைத்திருந்தார். வாராவாரம் நாங்கள் சிடியில் நகல் எடுப்பதுண்டு. "பழசு" எதற்கு என்று அதை மட்டும் சேர்ப்பதில்லை. மலர் திறந்திருந்தது, பிழைத்தது. கதைகளை அன்று யாரும் திறந்து வைத்திருக்கவில்லை. இளைஞன் திரும்பி வந்து இரண்டு நாள் போராடிப் பார்த்தான். ஒரு வரிகூட மீளவில்லை.

என் அறியாமைக்குச் சமாதானம் தேடுவதற்காகச் சொல்லவில்லை. பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் பிக்ஸார் நிறுவனத்தார் 1998-இல் "டாய் ஸ்டோரி 2" என்ற பொம்மைச் சித்திரப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பலர் வேலை செய்து கொண்டிருக்கும்போது, யாரோ ஒருவர் படத்தின் டைரக்டரியில் இதே இரண்டெழுத்துக் கட்டளையைத் தட்டிவிட்டார். அந்தச் சமயத்தில் ஓரன் ஜேக்கப் என்பவர், கதாநாயகப் பொம்மையான உடியின் பைல்களைத் திரையில் பார்த்துக் கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்கப் பைல்கள் குறைந்தன. தொப்பி போயிற்று, பூட்ஸ் போயிற்று, பிறகு உடியே போய்விட்டான். கணினி அறைக்குப் போன் செய்து, "பிளக்கைப் பிடுங்குங்கள்" என்றார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. நகல் இருக்கிறதே என்று தேடினால், நகல் எடுக்கும் ஏற்பாடு சில காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. கேலின் சூஸ்மன் என்ற அம்மாள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பதற்காக ஒரு பிரதி வைத்திருந்தார். அந்தக் கணினியைக் கம்பளியில் சுற்றிக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து படத்தைக் காப்பாற்றினார்கள். படம் 1999-இல் வெளிவந்தது. இவ்வளவுக்கும் பிறகு, கட்டளையைத் தட்டியவர் யார் என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கவில்லையாம். நிறுவனத் தலைவராக இருந்த எட் கேட்மல் தம் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார்.

உள்ளே ஆள் இருக்கும்போது இடிக்கவே விடாதபடி ஏன் செய்யவில்லை என்று நீங்கள் கேட்கலாம். விண்டோஸில் பெரும்பாலும் அப்படித்தான்; "உபயோகத்தில் இருக்கிறது" என்று மறுத்துவிடும். யூனிக்ஸ்காரர்களின் நியாயம் வேறு. ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பழைய பைலை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். ஓடுவது பழையதைப் பிடித்துக்கொண்டு ஓடி முடிக்கும், அடுத்துத் தொடங்குவது புதியதை எடுத்துக்கொள்ளும். கணினியை நிறுத்த வேண்டியதில்லை. இது பெரிய சௌகரியம். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். "பியூஸர்" என்று ஒரு கட்டளை இருக்கிறது. "எல்எஸ்ஓஎப்" என்று இன்னொன்று இருக்கிறது. எந்தப் பைலை யார் வைத்திருக்கிறார், எந்த டைரக்டரியில் யார் நிற்கிறார் என்று சொல்லிவிடும். ஆனால், நாம் கேட்டால்தான் சொல்லும். கேட்க வேண்டியது மனிதனின் வேலை என்று விட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்த நாலு கட்டளைகளில் அது இல்லை. அது இல்லாவிட்டால் என்ன? எழுந்து நின்று, "பழசுக்குள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஆறு மேஜையும் பத்தடி தூரத்துக்குள்தான் இருந்தன.

அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறுபடி எழுதவும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் டீக்கடை வாசலில், தாமாகவே அந்த ஒன்பதில் ஒரு கதையைச் சொன்னார். இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு கிழவி கடன் கணக்கையெல்லாம் சுவரில் கரியால் எழுதி வைக்கிறாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போகிறாள்; அன்றோடு பாக்கியெல்லாம் தள்ளுபடி என்று சொல்லிவிடுகிறாள். முதல் நாள் ராத்திரி கடன்காரன் ஒருவன் கதவைத் தட்டி, "என் கணக்கை மட்டும் அழிக்காதே ஆத்தா" என்கிறான்.

"ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னான்?" என்று கேட்டேன்.

"அதுதானேடே கதை!" என்று சிரித்தார். அதற்குள் ஆபீஸ் பையன் வந்து, முதலாளி கூப்பிடுகிறார் என்றான். நான் எழுந்து போய்விட்டேன்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் அவர் இருந்தார். நான் கதை எழுத ஆரம்பித்தேன், பத்திரிகைகளில் வந்தது, ஊரை விட்டேன். போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். உடம்பைப் பற்றி விசாரிப்பேன். என் கதைகளில் இருக்கும் ஒற்றுப்பிழைகளை அவர் எடுத்துச் சொல்வார். மற்ற எட்டுக் கதைகளையும் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்று கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். கேட்டால் பழைய குற்றம் நினைவுக்கு வருமே என்று கூசிப் பேசாமல் திரும்பி விடுவேன். கதைகள் அப்போது அவரிடம் இருந்தன; வேறெங்கும் இல்லை. 2017-இல் அவர் காலமானார்.

அந்தக் கடன்காரன் ஏன் அப்படிச் சொன்னான் என்று நானே ஒரு முடிவு கட்டி எழுதிவிடலாம், தொழில் அதுதானே. இரண்டு மூன்று முடிவுகள் தோன்றவும் செய்கின்றன. அண்ணாச்சி வைத்திருந்த முடிவு அவற்றில் எது, அல்லது எதுவுமே இல்லையா என்று கேட்பதற்கு ஆள் இல்லை. அதனால் எழுதவில்லை.

இப்போது என் வீட்டுக் கணினியில் நான் ஒருவன்தான். இருந்தாலும் எதையாவது அழிப்பதற்கு முன்னால், "யாராவது உள்ளே இருக்கீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. சமையற்கட்டிலிருந்து என் மனைவி, "ஒருத்தரும் இல்லை, அழிச்சுக்கோங்க" என்பாள். அவள் சொன்ன பிறகும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அழிக்கிறேன்.